கேட்டுவிட்டு எடுப்போம்

சிதம்பரம் நடராசர் கோயிலில் ரகசியத் திரையைத் தீட்சிதர் விலக்கும்வரை கைகூப்பிக் காத்திருக்கிறோம். அதே பொறுமை, அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்திலும் கடலூர்க் கல்லூரிகளிலும் படம் எடுக்கக் கைப்பேசியை நீட்டும்போது வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வகுப்பில் கண்ணயர்ந்த முகமும், ஈரத்தலையோடு விடுதி வராந்தாவில் நிற்கும் கோலமும் அவரவருக்கே சொந்தம். ‘படம் எடுக்கலாமா?’ என்று முதலில் கேளுங்கள்; ‘வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?’ என்று தனியாகக் கேளுங்கள். முதல் சம்மதம் இரண்டாவதற்குச் செல்லாது. பதில் சொல்லத் தயங்கினாலே, அதை மறுப்பாக மதித்துக் கைப்பேசியைப் பையில் வையுங்கள்.