தலைவலி என்று சொன்னவன்

1942 ஜூலை 13, விடியற்காலை. போலந்தில் யூசெஃபுஃப் என்ற சிற்றூர். ஜெர்மனியின் 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன், ஏறக்குறைய 500 பேர், லாரிகளில் வந்து இறங்கி நிற்கிறார்கள். பெரும்பாலும் ஹாம்பர்க் நகரத்து நடுவயதுக்காரர்கள். துறைமுகத் தொழிலாளி, டிரைவர், குமாஸ்தா. பிள்ளைகுட்டிக்காரர்கள். மேஜர் ட்ராப் கண்ணில் நீரோடு உத்தரவைச் சொல்கிறார். ஊர் யூதர்களில் வேலைக்கு ஆகும் ஆண்களைத் தனியே பிரிக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், கிழவர்களைச் சுட வேண்டும். பிறகு இன்னொன்றும் சொல்கிறார்: மூத்தவர்களில் இது முடியாது என்பவர்கள் விலகிக்கொள்ளலாம்.

பத்துப் பன்னிரண்டு பேர்தான் முன்னால் வந்தார்கள். அன்று குறைந்தது 1,500 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

மறுத்திருந்தால் இவர்களையும் சுட்டிருப்பார்களே என்று நமக்கு உடனே தோன்றும். இல்லை. நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததற்காகக் கடும் தண்டனை பெற்ற ஒருவரைக்கூடப் போருக்குப் பிந்தைய வழக்குகளில் எந்த வக்கீலாலும் காட்ட முடியவில்லை. 1960களின் விசாரணை வாக்குமூலங்களைப் படித்து, இவர்களைப் பற்றி 1992இல் புத்தகம் எழுதிய கிறிஸ்டோபர் பிரௌனிங் இதைத் தெளிவாகவே சொல்கிறார்.

அதில் என்னைத் தூங்கவிடாதது சுட்டவர்கள் இல்லை, விலகியவர்கள். காலையில் முன்வராமல் பாதியில் கழன்றுகொண்டவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் "இது தப்பு" என்று சொல்லவில்லை. "என்னால முடியல, எனக்கு மனசு பத்தாது" என்கிற தொனியில்தான் ஒதுங்கினார்கள். கேட்பவனுக்கு இது எவ்வளவு வசதி, பாருங்கள். விலகியவன் பலவீனன் என்றால், சுடுகிறவன் பலசாலி ஆகிவிடுகிறான். யாருக்கும் முகம் சுளிக்கவில்லை, நட்பு கெடவில்லை. நாம விட்டா அந்த அசிங்கமான வேலை கூட இருக்கிறவன் தலையில விழுமே என்ற கூச்சத்தில் மீதிப்பேர் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கூச்சம்! கொலைக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

காலேஜ் ஹாஸ்டலில் இரண்டாம் வருஷம். ஒரு ஜூனியரை நள்ளிரவில் எங்கள் அறைக்கு இழுத்து வந்தார்கள். இரண்டையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் அன்று நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "டேய், எனக்குத் தலைவலிடா. நீங்க பாத்துக்கங்க." ஒருத்தன் சிரித்துக்கொண்டே "இவன் ஒரு பயந்தாங்கொள்ளி மச்சான்" என்றான். நானும் சிரித்தேன். வராந்தாவில் போய்ப் படுத்துக்கொண்டேன். உள்ளே கேட்ட சத்தம் அடங்க இரண்டு மணி ஆனது. அதுவரைக்கும் விழித்துத்தான் இருந்தேன்.