மூக்கும் மானமும்

உடல் நிலையற்றது என்பது நாம் நாள்தோறும் சிந்திக்கும் உண்மை. அவ்வாறாயின், போரிற் சிதைந்த முகத்தை அரசு தன் பொருட்செலவிற் சீர்செய்து கொடுத்தல் அறமாகுமா? அன்றி, அழியும் உடலின்மீது பற்றை வளர்க்கும் வீண்செயலாகுமா?

இவ்வினாவைக் கோபாலபுரத்திலிருந்து எழுப்புதல் பொருத்தமே. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே, தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும் எல்லையூர் இது. மைசூர்ப் போர்க்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் படைகள் சென்ற வழியாகும். 1766-இல் ஐதர் அலி எழுப்பிய பாலக்காட்டுக் கோட்டை, 1790-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று.

அப்போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவாஸ்ஜி என்னும் மராட்டியர், 1792-இல் திப்புவின் படையினரிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஓராண்டளவு மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனேக்கு அருகே, செங்கல் செய்யும் குலத்தார் ஒருவர் புதுமூக்கு அமைத்தார். மெழுகுத் தகட்டால் மூக்கின் வடிவைச் சமைத்து, அதனை விரித்து நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடிட்டார். அவ்வளவு தோலை உரித்துத் திருப்பி, மூக்கின் இடத்திற் பொருத்தினார். குருதியோட்டம் நில்லாதிருக்கப் புருவங்களின் நடுவே சிறிது தோலை அறுக்காமல் விட்டார். புண் கூடிய பின்னரே அதனை நீக்கினார்.

இச்செய்தி 1794 அக்டோபரில் இலண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் வெளிவந்தது. அதனைப் பயின்ற ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர், 1814-இல் படை அலுவலர் ஒருவருக்கு அவ்வாறே மூக்கமைத்தார். நேரிற் கண்ட ஆங்கில மருத்துவர்களின் பெயர்கள் அவ்விதழில் உள. செய்து காட்டிய கைவினைஞரின் பெயரோ இல்லை. குலத்தை மட்டும் எழுதிப் பெயரை விடுத்த அவ்வழக்கம் நம் சிந்தனைக்குரியது.

இனி வினாவிற்கு வருவோம். மூக்கில்லாமலும் மனிதன் உண்ணலாம், உழைக்கலாம். பின் ஏன் பகைவன் அதனைக் குறிவைத்தான்? கையை வெட்டியது தொழிலைக் கெடுக்க. மூக்கை அறுத்தது மானத்தைக் கெடுக்க. மானம் இழந்தவனை 'மூக்கறுபட்டான்' என்று நம் மொழியே கூறுகின்றதன்றோ? ஆகவே முகத்தைச் சீர்செய்தல் அழகூட்டல் அன்று. பிறர் இழைத்த இழிவைத் துடைத்தலாகும். பிறரினும் அழகாக விளங்க வேண்டும் என்பது பற்று. பிறர் நடுவே தலைகுனியாது நிற்க வேண்டும் என்பது பற்றன்று. மனிதனின் நியாயமான உரிமை. உடலின் நிலையாமையை நம் உடலுக்கே போதித்துக் கொள்ளலாம். காயம்பட்டவனிடம் அதனைக் கூறி அவனைக் கைவிடுதல் அறமன்று.

எனினும் எல்லை ஒன்று வேண்டும். அமெரிக்கப் படை மருத்துவமனைகளில், அறுவை மருத்துவரின் கைத்திறன் மழுங்காதிருக்கும் பொருட்டு, காயமில்லாதோருக்கும் கட்டணம் பெற்று ஓரளவு அழகு அறுவை செய்ய இடந்தருகின்றனர். திறன் காத்தல் நன்றே. ஆனால் காயம்பட்டவன் வாயிலிற் காத்திருக்க, அழகு வேண்டுவோன் உள்ளே செல்வானாயின், அம்மருத்துவமனை தான் தோன்றிய காரணத்தை மறந்ததாகும். படைக்கு மாடு ஓட்டியவரையும் படைத்தலைவரையும் ஒருநிகராக நோக்குவதே அறம்.

அறுவையால் மட்டும் இப்பணி முற்றுப்பெறுவதில்லை. முதல் உலகப்போரில், 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் தோன்றிய மருத்துவமனையில், ஹரால்டு கில்லீஸ் 5,000-க்கும் மிகுதியான வீரர்களின் முகங்களைச் சீர்செய்யும் பணிக்குத் தலைமை தாங்கினார். அவ்வூர்ச் சாலையிலோ சில இருக்கைகளுக்கு நீலவண்ணம் தீட்டப்பட்டிருந்தது. அங்கு அமர்வோரின் முகங்கண்டு திடுக்கிடாதிருக்க, ஊராருக்கு அது முன்னறிவிப்பு. இரண்டாம் உலகப்போரில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரில், ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ தீப்பட்ட விமானவீரர்களை வேறுவிதமாக நடத்தினார். சிகிச்சை முடியுமுன்னரே அவர்களைக் கடைவீதிக்கும் விருந்துக்கும் அனுப்பினார். வெறித்து நோக்காதிருக்க ஊராரைப் பழக்கினார்.

முன்னது முகத்தைத் திருத்திற்று. பின்னது காண்போர் கண்ணையும் திருத்திற்று. முன்னது மருத்துவர் கையில் உள்ளது. பின்னது நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் தீயாலோ நோயாலோ முகஞ்சிதைந்த ஒருவர் அருகில் வந்து அமரும்போது, நாம் விலகுகின்றோமா, இடந்தருகின்றோமா? நம் அறம் அங்கே அளக்கப்படும்.