நஸீபு என்று எப்போது சொல்வது?

1996 ஆகஸ்ட் 29 மாலை, நம் பேராக் மாநிலத்திலே, கம்பாருக்கு அருகிலுள்ள போஸ் டிப்பாங் என்னும் பூர்வகுடிக் கிராமத்தை மலைநீர் வாரிக்கொண்டு போயிற்று. சேறும் பெருமரங்களும் கலந்து வந்த அவ்வெள்ளத்தில் 44 உயிர்கள் மாண்டன. மறு ஆண்டு ஆகஸ்ட் 12-இல் அமெரிக்காவின் அரிஸோனாவில், ஆண்டலோப் என்னும் குறுகிய பாறைப் பிளவுக்குள் நின்ற 11 பிரயாணிகள் மடிந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் சொல்லும்படியான மழை இல்லை. பெய்தது பல மைலுக்கு அப்பால்! 2021 ஆகஸ்ட் 18-இல் கெடாவின் ஜெராய் மலையடியில் 6 பேர் போனார்கள். மலாய்க்காரர் இதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள்.

இச்செய்திகளைக் கேட்டதும் 'அவர்கள் நஸீபு' என்கிறோம். மையித்து வீட்டில் ஆறுதலாகச் சொன்னால் அது தகும். நீர் வருமுன் சொன்னால், அது சோம்பலுக்குப் போர்த்திய போர்வை. நஸீபை நம்பிக் கடையைப் பூட்டாமல் வீடு செல்பவர் நம்மில் யார்? சரக்குக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?

இன்னொன்று. சரக்கின் குறையை அறிந்தவன் வாங்குவோனிடம் சொல்லியாக வேண்டுமென்பது நம் மார்க்கம் வியாபாரிக்கு விதித்த கடமை. ஆற்றின் குணமும் அத்தகையதே. நீர்வீழ்ச்சிக்கருகே கடை போட்டிருப்பவர் அதனை அறிவார். பட்டணத்திலிருந்து குளிக்க வந்தவர் அறியார். மலையுச்சி கறுத்ததும் 'கரையேறுங்கள்' என்று கூவினால் அன்றைய வியாபாரம் கெடும், கெடட்டும். பலமுறை கூவியும் நீர் வராவிட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள். மானமுள்ளவனுக்கு, நஷ்டத்தைவிட அச்சிரிப்பே கஷ்டம். ஆயினும் கூவத்தான் வேண்டும். அரிஸோனாவிலே அந்த விபத்துக்குப் பின் நிலையான இரும்பு ஏணிகள் வைத்தார்கள்; வழிகாட்டியின்றி எவரையும் உள்ளே விடுவதில்லை. வருமானத்துக்கு அஞ்சியிருந்தால் இது நடந்திராது.

சுங்கை சிப்புட் வாசிகளான நமக்கு இது தூரத்துக் கதையன்று. நம் பிளஸ் ஆறும் தீத்திவாங்சா மலைகளிலிருந்தே இறங்கி வருகிறது. விடுமுறையில் லாசா பக்கம் ஆற்றுக்குச் செல்லும் குடும்பத்தார், ஒருவரையேனும் குளிக்காமல் கரையில் நிறுத்தி, மலையையும் நீரையும் பார்த்திருக்கச் செய்யட்டும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேலே இரைச்சல் கேட்டாலும் தாமதிக்க நேரமில்லை. ஆற்றோடு கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேடேற வேண்டும். பாயையும் சோற்றுப் பானையையும் எடுக்க ஒருவரும் திரும்பக்கூடாது.