தடையும் பொறுமையும்

வலிமையுடையவன் அதனைப் பயன்படுத்தாது நிற்பது எப்போது அறமாகும், எப்போது இயலாமையாகும்? இவ்வினாவுக்குரிய விடையை நூல்களில் மட்டுமன்றிப் பட்டறைகளிலும் தேடலாம்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள உடையார்கட்டு, குளத்தையும் வயலையும் நம்பிய ஊர். 1990களில் வன்னிமீது விதிக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடையால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. பெற்றோல் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்நாளில் உழவு இயந்திரத்தின் கியர்ப்பெட்டியை வீட்டு முற்றத்தில் கழற்றுவோனுக்கு, அச்சில் இறுகிய பற்சக்கரம் வெறும் இரும்பன்று. ஓங்கியடித்து அது உடையுமாயின், அப்போகத்து விதைப்பே தவறக்கூடும். ஆகவே சுத்தியலுக்கு முன் வினா எழவேண்டியிருந்தது: இது ஏன் வர மறுக்கிறது? கழற்ற மறந்த தடுப்பு வளையமா? துருவா? துருவெனின் எண்ணெய் ஊற ஓரிரவு வேண்டும். பொருத்தத்தின் இறுக்கமெனின், பற்சக்கரத்தை அளவோடு சூடாக்க, அது விரிந்து அச்சை விடும்.

இப்பொறுமை இல்லாமை கற்பித்தது. ஆதலால் அது அறமன்று, நிர்ப்பந்தமே எனச் சிலர் கூறலாம். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பாடம் நன்றென்பதற்காகத் தடையை நன்றெனல் பெரும் பிழை. ஆயின் கற்றது அறமாயிற்றா என்பதைத் தடை நீங்கிய காலமே காட்டும். 2002இல் ஏ9 பாதை திறந்தது, பொருள்கள் வந்தன. புதிய பாகம் கடையில் கிடைக்கும் நாளிலும் ஓங்குமுன் காரணம் வினவும் கையே, நிர்ப்பந்தத்தை அறமாக்கிக்கொண்ட கை. காரணம் அறிந்தபின், அடிக்கவேண்டிய இடத்தில் அது தயங்காது அடிக்கும்.

காரணம் தேடாது அடங்குவது இயலாமை; அறியும்வரை அடங்குவதே பொறுமை.