சேவையும் செவியும்

1884-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில் ஒருநாள் வைணவ நெறியைப் பற்றிய பேச்சு எழுந்தது. 'ஜீவர்களிடம் தயை' என்று சொல்ல வந்த ஸ்ரீராமகிருஷ்ணர் பரவச நிலையில் ஆழ்ந்தார். சற்றே புறவுணர்வு திரும்பியதும், தயை காட்ட மனிதன் யார், ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வதே தகும் என்னும் பொருள்படக் கூறினார். பலர் கேட்டனர், அதன் ஆழத்தை உணர்ந்தவர் நரேந்திரர். பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தராக அவர் வளர்த்த சேவை நெறிக்கு அதுவே வித்தாயிற்று.

தயை காட்டுபவர், எதைக் கொடுப்பது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். வழிபடுபவரோ இறைவனுக்கு உகந்தது எது என்று அறிந்து படைக்கிறார். பசித்தவரிடமும் உடல்நோயுற்றவரிடமும் இந்த வேறுபாட்டைக் கடைப்பிடிப்பது அவ்வளவு கடினமன்று. மனநோயாளியின் முன்னேதான் அது உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது. 'பழுதுபட்டிருப்பதே அவருடைய மனம். அவரிடம் என்ன கேட்பது?' என்ற எண்ணம் நல்லவர்களுக்கும் எழுகிறது.

அந்த எண்ணத்தின் விளைவை நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பியே குடும்பங்கள் நோயாளிகளை அவ்வூருக்கு அழைத்துச் சென்றன. அன்பும் நம்பிக்கையும் அங்கே இல்லாமல் இல்லை. ஆயினும் கட்டுண்டவரின் கருத்தைக் கேட்பது என்பது யாருக்கும் தோன்றாத ஒன்றாக இருந்தது.

சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பிற்காலத்தில் நோய் முற்றித் தம்மால் முடிவெடுக்க இயலாமற்போனால் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க அது உரிமை தருகிறது. தெளிந்த நாளில் சொன்ன சொல், கலங்கிய நாளில் அவர் சார்பில் நிற்கிறது.

கலங்கக்கூடிய மனத்தின் சொல்லை நம்பலாமா என்ற கேள்விக்கு வேதாந்தத்தில் விடை உண்டு. மனம் ஒரு கருவி. அதைக் காணும் சாட்சி வேறு. கண்ணில் புரை விழுந்ததால் காண்பவன் இல்லாமற்போவதில்லை. (இதே தத்துவத்தைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. 'நீ ஆத்மா; மனத்தை அடக்கினால் சரியாகிவிடும்' என்று நோயாளிக்கு உபதேசிப்பது, கால் முறிந்தவனை நடக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.) மேலும், மனநோய் பலருக்கு அலைபோல வந்து தணிவது. இரு கரைகளையும் கண்டவருக்குத் தெரிந்தவை பல. மருந்தால் நா வறள்வது, பகலெல்லாம் தூக்கம் அழுத்துவதால் வேலையை இழப்பது, எந்தக் குரலில் பேசினால் அச்சம் பெருகும், எந்தக் குரலில் தணியும் என்பது, எல்லாம் அவர் பட்டறிந்தவை. நோயாளி மருந்தைத் தொடர்வாரா, பாதியில் கைவிடுவாரா என்பது பெரும்பாலும் இத்தகைய 'சிறிய' விஷயங்களைப் பொறுத்தே அமைகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லும் ஊரில், அவற்றை அனுபவித்தவரிடம் யோசனை கேட்பது புதுமையாகத் தோன்றுவதுதான் விந்தை!

இதற்கு எல்லையே இல்லை என்று சொல்வதும் பொருந்தாது. உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவரின் அப்போதைய சொல்லுக்கு இணங்குவது சேவையாகாது. அவசரச் சிகிச்சைக்கு அந்த முன்னறிவிப்பு தடையாகாது என்று சட்டமும் கூறுகிறது. இரவெல்லாம் விழித்திருக்கும் தாயின் களைப்பும் ஓர் அனுபவமே. இன்னொரு சிக்கலும் உண்டு. நோயாளிகளின் குறைகளைக் கேட்கும் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஆறு இடங்களில் இரண்டு, நோயை அறிந்தவர், 'அல்லது' பராமரிப்பவர், 'அல்லது' தொண்டு நிறுவனத்தார் ஆகியோருக்கு உரியவை. அந்த 'அல்லது' என்ற சொல்லின் வழியே நோயை அறிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் வாரியம் அமைந்துவிடலாம். அப்படியே ஒருவர் அமர்ந்தாலும், நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் அமர்வார். உறவினர் கைவிட்டு, பல ஆண்டுகளாக விடுதியின் மூலையில் பேசாமல் இருக்கும் பெண்மணி அங்கே வரமாட்டார். வந்திருப்பவர் அவரிடம் சென்று கேட்டு வந்து பேசுகிறாரா என்பதே பொருட்டு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் உரிமைத் திட்டத்தின்கீழ், குஜராத் அரசு மனநல மருத்துவமனைகளில் 2014 முதல் மேற்கொள்ளப்பட்ட பணியில், நோயிலிருந்து மீண்டவர்கள் துணைத் தொண்டர்களாகப் பயிற்சி பெற்றனர். இத்தகையோரைப் புதிய கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது எளிது. வரைபடம் மேசைமேல் விரிந்திருக்கும் நாளிலேயே அவர்களை அழைத்திருந்தால், குளியலறைக் கதவின் உட்புறத்தில் ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்றும், ஆபத்து நேர்ந்தால் அதை வெளியிலிருந்தும் திறக்க வழி வேண்டும் என்றும் அவர்களில் ஒருவர் சொல்லியிருக்கக்கூடும்.