ஆய்வு இடைவெளியில் ஆட்கள் இருக்கிறார்கள்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவர் முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ளும் சொல் ‘ரிசர்ச் கேப்’. இதுவரை யாரும் தொடாத இடம் எது என்று காட்ட வேண்டும், அதை நான் நிரப்புகிறேன் என்று சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் இருபது ஸ்லைடுக்குள் முடிக்க வேண்டும். கமிட்டி தலையசைத்தால் தலைப்பு உறுதி. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி, ஆய்வு ஆலோசனைக் குழு திட்டத்தைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்யும். குறைந்தது 12 கிரெடிட் பாட வேலை உண்டு. அதில் ஆய்வு நெறிமுறைக்கும் ஒரு தாள் உண்டு. மூன்று ஆண்டுக்குக் குறையாமல், ஆறு ஆண்டுக்கு மிகாமல் முடித்தாக வேண்டும்.

மின்னி பேயில் வாடகை அறை எடுத்துத் தங்கி, மானிடவியலில் இப்படி ஒரு திட்டம் எழுதும் மாணவி ஒருத்தியை வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஒரு பகுதி அது. அங்கிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் வடக்கு சென்டினல் தீவு. அந்தத் தீவு மக்களின் மொழிக்கு அகராதி கிடையாது. அவர்கள் தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள் என்பதே வெளியில் யாருக்கும் தெரியாது. ‘சென்டினலீஸ்’ என்பது நாம் வைத்த பெயர். கமிட்டிக்குக் காட்ட இதைவிடப் பெரிய ‘கேப்’ உலகத்தில் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் அந்தத் திட்டம் நகராது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அனுமதியில்லாமல் அங்கே கால் வைப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒன்றைத் தெரிந்துகொள்ளும் ஆசை இருப்பதாலேயே அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் வந்துவிடுமா? இது சட்டத்துக்கு முந்தைய கேள்வி. நம் மரபுக்கும் இது புதிதல்ல.

வேதாந்த நூல்கள் தொடங்கும்போதே நான்கு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்பார்கள். அவற்றில் பொருளும் பயனும் உண்டு. அதிகாரி என்று ஒன்றும் உண்டு. இதைக் கேட்கத் தகுந்தவர் யார் என்பதே அதன் விஷயம். நன்னூல் பாயிரத்தின் பட்டியலிலும் நூலின் எல்லை, பொருள், கேட்போர், பயன் எல்லாம் வந்துவிடுகின்றன. இன்றைய ப்ரொபோசலின் எலும்புக்கூடு ஏறக்குறைய அதுதான். கடோபநிஷதத்தில் மரணத்துக்குப் பின் என்ன என்று நசிகேதன் கேட்டதும் எமன் பதில் சொல்லிவிடவில்லை. வேறு ஏதாவது கேள், யானை கேள், பொன் கேள் என்று தட்டிக் கழிக்கிறான். சிறுவன் அசையவில்லை என்று கண்ட பிறகுதான் வாய் திறக்கிறான். புத்தரின் சீடர் மாலுங்கியபுத்தருக்கு நேர்ந்தது வேறு. உலகம் நித்தியமா, முடிவுள்ளதா என்று அவர் விடாமல் கேட்டும், அது துக்கம் நீங்க உதவாது என்று புத்தர் பதில் தர மறுத்துவிட்டார். விடை இல்லாததால் மறுக்கவில்லை. கேள்வியின் பயனைப் பார்த்து மறுத்தார்.

தீவு என்று வந்த பிறகு மணிமேகலையை விட்டுவிட முடியாது. அதில் வரும் ஆதிரையின் கணவன் சாதுவன் பொருளையெல்லாம் சூதில் தொலைத்துவிட்டுக் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நக்க சாரணர் வாழும் மலைப்பக்கத்தில் கரை ஒதுங்குகிறான். ஆடையில்லாத, ஆளைத் தின்னும் நாகர்கள் என்கிறது காப்பியம். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் நக்கவாரம் நிகோபார்தான் என்பதால், சாதுவன் ஒதுங்கிய கரையையும் அந்தப் பக்கம் தேடியவர்கள் உண்டு. அது எந்தக் கரையானால் என்ன, அங்கே நடந்ததைப் பார்க்க வேண்டும். தூங்கிக் கிடந்தவனைக் கொல்ல வந்தவர்களிடம் அவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். அதனால் பிழைக்கிறான். தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். கள்ளும் ஊனும் பெண்ணும் தரச் சொல்கிறான் தலைவன், சாதுவன் மறுக்கிறான். மறுத்த பிறகு கேள்வி கேட்பது முழுக்கத் தீவுக்காரர்தான். இவை இல்லாமல் வாழ்க்கையில் என்ன சுகம்? உடம்பை விட்டு உயிர் போகிறது என்கிறாயே, எப்படிப் போகும், எங்கே போய்ப் புகும், சொல்! வந்தவன் பதில் சொல்லியாக வேண்டும். வைவா என்றால் இதுவல்லவா வைவா!

கடைசியில் கள்ளையும் ஊனையும் அடியோடு விட முடியாது என்று தலைவன் சொல்லும்போது சாதுவன் இறங்கி வருகிறான். உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதீர்கள். மூத்துச் செத்த விலங்கைத் தின்னலாம், வேறெதையும் கொல்லாதீர்கள். அவ்வளவுதான். இதைப் பௌத்தப் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிடலாம். பிரச்சாரம்தான், நாகர் தரப்பு எழுதிய கதை நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் 2018 நவம்பரில் மதம் பரப்பச் சட்டத்தை மீறி வடக்கு சென்டினலில் இறங்கி உயிரை விட்ட அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவோடு சாதுவனை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சாதுவன் தேடிப் போகவில்லை, மொழி தெரிந்தவன், கேட்டதற்குத்தான் பதில் சொன்னான். சாவ் முன்கூட்டியே திட்டம் போட்டுப் போனவர். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தமான் ஆய்வு வரலாற்றில் சாதுவன்கள் குறைவு. 1880இல் மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி வடக்கு சென்டினலிலிருந்து ஆறு பேரைப் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். முதிய தம்பதி நோயில் இறந்தார்கள். நான்கு குழந்தைகளைப் பரிசுப் பொருளோடு திருப்பி அனுப்பினார்கள். 1906இல் கேம்பிரிட்ஜிலிருந்து மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் வந்தார். (அப்போது அவர் வெறும் பிரவுன், ராட்கிளிஃப் பின்னால் ஒட்டிக்கொண்டது.) அந்தமானியர் போன்ற ‘நெக்ரிட்டோ’ மக்களின் பழைய வரலாற்றை மீட்டெடுப்பது என்ற கேள்வியோடு வந்தவர், 1922இல் புத்தகம் போடும்போது சடங்குகள் சமூகத்துக்கு என்ன செய்கின்றன என்ற வேறொரு கேள்விக்கு விடை எழுதியிருந்தார். கேள்வி மாறுவது குற்றமில்லை. நல்ல ஆய்வில் மாறத்தான் செய்யும். ஆனால் மாறிய கேள்விக்கு அந்தமானியரிடம் மறுபடி சம்மதம் கேட்டது யார்?

இந்தக் கேள்வி நூறு வருடம் கழித்து இன்னும் கூர்மையாக வந்தது. ராட்கிளிஃப்-பிரவுன் காலத்தில் அந்தமானியரிடம் சேகரித்து இங்கிலாந்தில் வைத்திருந்த முடித் துணுக்குகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவன விஞ்ஞானிகளும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த முடிகள் இடம்பெற்றன. ஆசியாவில் மனிதக் குடியேற்றம் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் அந்த வகை ஆய்வுகளுக்குப் பெரிய பங்குண்டு. அதை மறுப்பது முட்டாள்தனம். ஆனால் முடியைக் கொடுத்தவருக்கு அப்போது டி.என்.ஏ. என்ற சொல்லே தெரியாது. வாங்கியவருக்கும் தெரியாது.

அப்படியானால் ஆய்வே வேண்டாமா? அதுவும் சரியில்லை. 2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது ‘போ’ மொழியைப் பேச இன்னொருவர் இல்லை. தன் மொழியில் பேச ஆளில்லாமல் அவர் பறவைகளோடு பேசினார் என்று மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்திருக்கிறார். அப்பி போய் உட்கார்ந்து கேட்டிருக்காவிட்டால் அந்தக் குரலும் பாட்டும் நமக்குக் கிடைத்திருக்காது. பேச ஆள் தேடிக்கொண்டிருந்தவரிடம் கேட்பது வேறு. அம்பு எய்து விரட்டுகிற வடக்கு சென்டினல் மக்களிடம் கேட்பது வேறு.

மருத்துவ ஆய்வில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் ஒரு கோடு போட்டது: பழங்குடியினர் மீதான ஆய்வு அவர்களுக்கே பயன் தரும் சிகிச்சை, நோயறிதல், தடுப்பு சார்ந்ததாக இருந்தால் மட்டும் செய்யலாம். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தங்களுக்கென ஆய்வு நெறித்தொகுப்பு ஒன்றை எழுதி, திட்டத்தை முதலில் எங்கள் மன்றத்தில் வை என்றார்கள். தங்கள் மரபணுவைப் பற்றி முன்பு வெளியான ஓர் ஆய்வின் வார்த்தைகள் தங்களைப் புண்படுத்தின என்ற கோபம் அதன் பின்னால் இருந்தது.

அந்தமான் நிகோபாரில் இதற்கு வழியில்லாமல் இல்லை. நிகோபாரிகளுக்கு ஊருக்கு ஊர் தலைவராகக் கேப்டன் உண்டு, பழங்குடி மன்றமும் உண்டு. மின்னி பே மாணவி வடக்கு சென்டினலை விட்டுவிட்டு கார் நிகோபாரை எடுத்துக்கொள்ளட்டும். அரசு பாஸ் வாங்கிய கையோடு அந்த இருபது ஸ்லைடையும் முதலில் கேப்டன்கள் முன்னால் போட்டுக் காட்டட்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வரட்டும். கமிட்டியில் உட்காரும் பேராசிரியர்களே, அந்தக் குறிப்பேட்டைப் பார்க்காமல் தலைப்புக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.