காணாது மறுத்தல்

அதியமான் நெடுமானஞ்சியிடம் பரிசில் வேண்டிச் சென்றார் பெருஞ்சித்திரனார். மன்னன் அவரை நேரிற் காணவில்லை. பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைத் தொடவில்லை. தம்மைக் காணாது தந்ததை வாங்கிச் செல்லத் தாம் வாணிகத்திற்கு வந்தவர் அல்லர் என்றும், தம் தகுதியறிந்து தருவது தினையளவே ஆயினும் இனியது என்றும் பாடினார். புறநானூற்றின் 208-ஆம் பாட்டு இது.

கல்லூரியில் இதனைப் படித்த நாளில் புலவரின் பெருமிதத்தை வியந்தேன். கோப்புகளோடு இருபது ஆண்டுகள் கழித்துவிட்ட இந்நாளிலோ, என் மனம் பொருளை ஏந்தி வந்த ஏவலன்பால் சென்று நிற்கிறது. பாட்டில் அவனுக்கு இடமில்லை. இன்றைய ஆட்சியில் அவனே எல்லாம்.

அதியமான் கொடுத்தது தன் பொருள். பிழை நேர்ந்தால் பழியும் அவனுடையதே. இன்று கலைக்குப் பொருள் தரும் மாநகராட்சிக்குத் தனக்கெனப் பொருள் ஏதுமில்லை. நம் புனேயில் 1968-இல் திறக்கப்பெற்ற பால கந்தர்வ ரங்கமந்திர் மாநகராட்சி எழுப்பிய அரங்கு. ராஸ்தா பேட்டையில் வரி செலுத்தும் தமிழ்க் குடும்பத்திற்கும் அதன் திரையில் ஒரு நூலிழை சொந்தம். அவ்வாறாயின், பிறர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இக்கலைஞருக்குக் கொடு, அவருக்குக் கொடாதே’ என்று எழுதும் ஊழியர் யாருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்?

இந்நகருக்கு இது பழைய வினா. பேஷ்வாக்கள் ஆண்டுதோறும் சிராவண மாதத்தில் வேதம் வல்ல அந்தணர்க்குத் தட்சிணை வழங்கினர். 1818-இல் அவர்தம் ஆட்சி முடிந்த பின்னும் ஆங்கிலேயர் அக்கொடையை அடியோடு நிறுத்திவிடவில்லை. ஒரு பகுதியைக் கொண்டு 1821-இல் சமஸ்கிருதக் கல்லூரி அமைத்தனர். பின்னர், மராத்தியில் நல்ல நூல் எழுதுவோர்க்கும் அந்நிதி பயன்பட வேண்டும் என்று சீர்திருத்தக்காரர்கள் விண்ணப்பித்தனர். அவர்களுள் முன்நின்ற ‘லோகஹிதவாதி’ கோபால் ஹரி தேஷ்முக் அரசாங்க உத்தியோகத்தர் என்பது எங்களைப் போன்றோர் நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்வாறு தட்சிணைப் பரிசுக் குழு தோன்றியது.

1848-இல் இந்நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்த ஜோதிராவ் புலே, 1855-இல் ‘திருதீய ரத்னா’ என்னும் நாடகத்தை எழுதி அக்குழுவிற்கு அனுப்பினார். கருவுற்ற உழவர் குலப் பெண்ணைக் கோள்களின் பெயரால் அச்சுறுத்திப் புரோகிதர் பொருள் பறிப்பதும், முடிவில் கணவனும் மனைவியும் எழுத்தறியப் புறப்படுவதும் அதன் கதை. நாடகம் ஏற்கப்படவில்லை. குழுவிலிருந்த அந்தணர்தம் கருத்தே மேலோங்கியது என்று பின்னாளில் புலே எழுதினார். அந்நாடகம் அச்சேறியது 1979-இல். நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து!

குழுவினர்க்குத் தம் சுவைப்படி தீர்ப்பளிக்கும் உரிமை இல்லையோ எனின், உண்டு. வாதம் மிகுந்து நாடகம் மெலிந்தது என்று இன்றும் ஒருவர் கூறலாம். அதற்கு மறுமொழி உரைக்கவும் கூடும். ஆனால் புலேயின் கூற்று மெய்யாயின், அங்கே அளக்கப்பட்டது நாடகமன்று. அளப்போர்தம் நெஞ்சில் அது தைத்த ஆழம். அதற்கு எந்த ஆசிரியர் மறுமொழி உரைப்பார்?

இக்காலத்தில் சட்டம் துணைநிற்கிறது. முடிவினால் பாதிக்கப்படுவோர்க்குக் காரணம் கூற வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தன் 4-ஆம் பிரிவில் விதிக்கிறது. எனினும் சட்டம் காரணத்தைக் கேட்கலாம்; மெய்க்காரணத்தை வரவழைப்பது அரிது. மேலும், எங்கள் உலகில் கொடுத்த பணத்திற்குத்தான் தணிக்கை. தகுதியுடையவர்க்கு ஏன் மறுத்தாய் என்று எந்தத் தணிக்கையாளரும் என்னை வினவியதில்லை. ஆகவே மறுப்பது எங்களுக்கு எளிது.

எவ்வளவு எளிது என்பதை நான் அறிவேன். ஓர் ஆண்டு எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தில் கலை நிகழ்ச்சிகளுக்கான சிறு தொகையைப் பங்கிடும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. தாபோடியிலிருந்து சைக்கிளில் வரும் கடைநிலை ஊழியர் ஒருவர், தாம் எழுதிய தமிழ் நாடகத்தை நோட்டுப் புத்தகத்தில் கொண்டு வந்து தந்தார். ஒரே இரவில் படித்து முடித்தேன். அதில் ஓர் எழுத்தர் வருகிறார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நிற்பவரை நிமிர்ந்து பாராமல் பேசுகிறார். அவர் பேச்செல்லாம் என் பேச்சு. மறுநாள் விண்ணப்பத்தின் ஓரத்தில் ‘நிதி இல்லை’ என்று எழினேன். நிதி இருந்தது, அவ்வாரமே மெல்லிசைக் குழுவொன்றுக்குப் பரிந்துரைத்தேன்.

அவர் வந்து நின்றார். “சார், படிச்சுப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். படித்தேன் என்றால் அடுத்த கேள்வி வரும். “நேரம் கிடைக்கலைப்பா” என்றேன். நோட்டை வாங்கிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் எங்களிடம் முழு நேர்மையைக் கேட்கின்றன. கையூட்டு வாங்காதவன் என்ற நிறைவில் அதுவரை அவ்விதியை நான் கவலையின்றிக் கடந்து சென்றிருந்தேன்.

அடுத்த ஆண்டும் விண்ணப்பம் கோரும் அறிவிப்பைப் பலகையில் ஒட்டினேன். பசைக் கிண்ணம் கொண்டு வந்து தந்தவர் அவரே. அறிவிப்பை ஒருமுறை படித்தார். நாடகத்தைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை.